ஆறும் கடலும் போட்ட மணல்: சுண்ணாம்பாறு முதல் வெள்ளாறு வரை

சனிக்கிழமை, சுண்ணாம்பாறு

மணல்திட்டு பார்க்க மாலத்தீவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய்வருகிறவர்கள் இப்போது நிறைய. தீவு தீவாகப் படகில் போய், நடுக்கடலில் தலைகாட்டும் வெள்ளை மணலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் சோழமண்டலக் கரையில் திட்டு பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆறு கடலைத் தொடுகிற இடத்திலெல்லாம் ஒரு திட்டு உண்டு. புதுச்சேரியில் தொடங்கி, கடலூர், பிச்சாவரம் வழியாகப் பரங்கிப்பேட்டை வரை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவது என்று கிளம்பியிருக்கிறோம். நான், அண்ணி, ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணி மகன்.

மாசி பிறந்து சில நாள்தான் ஆகிறது. வேண்டுமென்றேதான் இந்த மாதத்தில் வந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வடிந்திருக்கும், ஆற்றில் இன்னும் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்கும், முகத்துவாரங்கள் திறந்திருக்கும். கோடையில் வந்தால் சில இடங்களில் மணல் அடைத்துக்கொண்டு, ஆறு கடலைச் சேராமலே குளம் கட்டி நிற்கும்.

நோணாங்குப்பம் போட் ஹவுஸ், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. சனி, ஞாயிறு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் டிக்கெட் வரிசை சாலையைத் தொட ஆரம்பித்துவிடுகிறது.

சுண்ணாம்பாறு தனி ஆறு இல்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரியை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது அரியாங்குப்பம் ஆறு, தெற்கே போவது சுண்ணாம்பாறு. இரண்டும் தனித்தனியாகக் கடலில் சேர்வதால், நடுவில் இருக்கிற ஊர்களைச் சுற்றி நான்கு பக்கமும் தண்ணீர்தான். பஸ்ஸில் பாலம் தாண்டிப் போகிறவர்களுக்குத் தாங்கள் ஒரு தீவைக் கடந்து போகிறோம் என்பதே தெரியாது.

மோட்டார் படகில் ஏறி இருபது நிமிடம். இரண்டு கரையிலும் தென்னை, இடையிடையே கண்டல் செடிகள். உப்பங்கழி அகலமாகிக்கொண்டே போய், எதிரே மணல் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கடல் இரைச்சல் கேட்டது, கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. பாரடைஸ் பீச் என்று பெயர் வைத்திருக்கும் இடம் ஒரு நீளமான மணல் நாக்கு. இந்தப் பக்கம் அசையாத கழி, அந்தப் பக்கம் வங்கக் கடல்.

இறங்கியதும் எல்லோரும் மூங்கில் பந்தல் பக்கம் போனார்கள். நாங்கள் முகத்துவாரத்தை நோக்கி நடந்தோம். மணல் மேட்டில் அடப்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருந்தது. அதை அடுத்து இராவணன் மீசைப் புல். கையில் குத்துகிற அந்த முள் உருண்டைகள் காற்றில் உருண்டு போய் விதை போடுகின்றன. திட்டு காற்றில் பறந்து போகாமல் இருப்பது இந்த இரண்டின் புண்ணியத்தில்தான். கொடியைப் பிடுங்கித் தலையில் சுற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது மனசு வலித்தது. திட்டுக்கு வேர் என்று இருப்பதே அதுதான்.

தண்ணீர் அறுத்த ஓரிடத்தில் மணல் முழங்கால் உயரத்துக்குச் சுவராக நின்றது. அதில் வரி வரியாக அடுக்குகள்: வெளிர் மணல், நூல் கனத்தில் கருப்பு, மறுபடி வெளிர், அப்புறம் லேசான சிவப்பு. பையன் தன் பென்சில் பெட்டி மூடியிலிருந்த காந்தத்தை அந்தக் கருப்பு வரியில் வைத்தான். சில துகள்கள் மீசை மாதிரி நிமிர்ந்து ஒட்டிக்கொண்டன. இரும்புத் தாதுக் கனிமம் கலந்த கருமணல் அது. சிவப்பாக இருப்பது கார்னெட் என்கிற கனிமம். அலை வேகமாக வந்து போகும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான இவை மட்டும் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கருப்பு வரியும் கடல் கொந்தளித்த ஒரு நாளின் அடையாளம்.

எங்களை அழைத்து வந்த படகுக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்து மீனவர் ஊரைச் சேர்ந்தவர். பையன் விடாமல் கேள்வி கேட்கவே, துடுப்பால் மணலில் கோடு போட்டுக் காட்டினார்.

"ஆத்துத் தண்ணி வேகமா வந்துச்சுன்னா மணலை வெளிய தள்ளும் தம்பி. கடல் அதைத் திருப்பி உள்ள தள்ளும். யார் கை ஓங்குதோ அவங்க வெச்சதுதான் சட்டம். மழைக்காலத்துல ஆறு, வெயில் காலத்துல கடல்."

"அப்போ இந்தத் திட்டு போன வருஷம் இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா இந்த மணல் இல்ல."

அவர் சொன்னதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக மோதுகிறது. மோதும்போதெல்லாம் கொஞ்சம் மணலைக் கரையோடு நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக் காலம் முழுக்க, ஏறக்குறைய பங்குனியிலிருந்து புரட்டாசி வரை, மணல் வடக்கே நகரும். வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரை தெற்கே நகரும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியில் ஓர் ஆற்று வாய் குறுக்கிட்டால் மணல் அங்கே தங்கித் திட்டாகிறது. நம் பக்கம் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஏற்றவற்றம் மட்டும் முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருக்க முடியாது, ஆற்றில் தண்ணீர் வர வேண்டும்.

முகத்துவாரத்தின் ஓரத்தில் நின்றபோது கழித் தண்ணீர் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பும் பச்சையும் சேருமிடத்தில் நுரை ஒரு கோடாக நின்றது. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் என்று நம்பி இறங்க வேண்டிய இடம் இல்லை. ஓட்டம் காலுக்கடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது, இரண்டு அடி தள்ளினால் ஆள் உயரப் பள்ளம். குளிக்கிறவர்கள் காவலர் நிற்கிற பகுதியில் குளியுங்கள். முகத்துவாரத்தைக் கரையில் நின்று பாருங்கள், அங்கே குளிக்க இறங்கவே வேண்டாம்.

மத்தியானம் அரிக்கமேடு போனோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்புக்கு நடுவே பழைய செங்கல் சுவர்கள் மிச்சம் இருக்கின்றன. 1945ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. கிரேக்கர்கள் பொதுகே என்று எழுதி வைத்த துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பலை நிறுத்த அவர்கள் தேடியதும் நான் இன்று பார்த்த மாதிரி ஒரு கழியைத்தான்: வெளியே மணல் அலையைத் தடுக்க, உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் புதுச்சேரி கடற்கரை. இங்கே மணல் இல்லாமல் கருங்கல் மட்டும் கிடந்த வருடங்களை அண்ணி நன்றாக நினைவு வைத்திருக்கிறார். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. நகரத்தின் கடற்கரை கரைந்தது, அதற்கும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் ஊர்களின் கரை கரைந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டை 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இன்று அந்த மணலில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் வெகுநேரம் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, தாழங்குடாவும் தேவனாம்பட்டினமும்

நேற்று ராத்திரியே கடலூர் வந்துவிட்டோம். விடிவதற்கு முன்பு ஆட்டோ பிடித்துத் தாழங்குடா. தென்பெண்ணை கடலைச் சேர்கிற இடம்.

நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் தாண்டி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வருகிற ஆறு இது. இவ்வளவு தூரம் வந்த ஆறு கடைசியில் இவ்வளவு மெலிந்தா போகும் என்று யாருக்கும் தோன்றும். இன்று முகத்துவாரம் குறுகிப்போய், இக்கரையிலிருந்து அக்கரைக்குக் குரல் கொடுத்தால் கேட்கிற அகலத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் மணல் நீண்டு வந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கிறது.

இதே ஆற்றை 2024 டிசம்பர் தொடக்கத்தில் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிட, வெள்ளம் கடலூர் வரை வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்தது. அப்போது இங்கிருந்த திட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று என்றார், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "ரெண்டு நாள்ல அவ்வளவு மணலையும் வாரிக்கினு போயிடுச்சும்மா. அப்புறம் மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கடலே கொண்டாந்து போட்டுச்சு." வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போன ஒருவர் இதை இவ்வளவு நிதானமாகச் சொல்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்து வரும்போதுதான் இன்றைய பெரிய விஷயம் நடந்தது. ஈர மணலிலிருந்து மேட்டை நோக்கி ஓர் அகலமான தடம் ஏறிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் துடுப்பு போட்ட மாதிரி பள்ளங்கள், நடுவே வயிறு இழுத்துப்போன வழவழப்பு. பங்குனி ஆமை ராத்திரி ஏறி வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. தை முதல் பங்குனி வரை இந்தக் கரை முழுக்க அவை வரும். கொஞ்ச நேரத்தில் முட்டை சேகரிக்கிறவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் மண்டியிட்டு, கையாலேயே பதமாகத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் முதல் முட்டை தெரிந்தது.

உருண்டையாக, சுத்த வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ஓடு கெட்டி இல்லை, அவர் விரல் பட்ட இடத்தில் லேசாகக் குழிந்து மறுபடி நிமிர்ந்தது. ஒவ்வொன்றையும் எடுத்த வாக்கிலேயே, புரட்டாமல், அதே குழி மணலைப் போட்ட வாளியில் அடுக்கினார். புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகுமாம். ஒரு குழியில் சுமார் 100 முட்டை இருக்கும். வனத்துறையின் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மறுபடி புதைப்பார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வெளியே வரும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் என்று அவர் சொன்னதும் பையன் மணலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

இன்னும் தெற்கே செத்துப்போன ஆமை ஒன்றும் கிடந்தது, பெரியது, ஓட்டில் காயம் எதுவும் இல்லை. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துவிடும். இதையும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே கெடிலம் கடலைத் தொடுகிறது. அந்த ஆற்றோரத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த இடத்தை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே சொல்லி வந்தார்கள். 1746ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்தது. 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது சில சுவர்கள்தான் மிச்சம்.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகிக் கரையேறியது இந்த ஊர்ப் பக்கத்தில் என்பது பெரியபுராணக் கதை. அந்த இடம் இன்றும் கரையேறவிட்டகுப்பம்தான். காலையிலிருந்து முகத்துவாரமும் ஓட்டமுமாகப் பார்த்த பிறகு, இந்தக் கரையில் ஏறுவது என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அண்ணி சன்னதியில் கண்ணை மூடி நிறைய நேரம் நின்றார்.

திங்கட்கிழமை, கடலூர் முதுநகர்

முதுநகரை ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். துறைமுகத்தில் உப்பனாறு, வடக்கே கெடிலம், கிழக்கே கடல். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வடக்கு தெற்காக ஒரு மணல் பட்டை. அதன்மேல் சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி என்று மீனவர் ஊர்கள். திட்டின் மேலேயே கோயிலும் பள்ளிக்கூடமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன.

ஃபைபர் படகு ஒன்றில் கேட்டு ஏறி, உப்பனாற்றில் ஒரு சுற்று வந்தோம். கரையோரம் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டியிருந்தார்கள். டீசல் வாசனை, கருவாட்டு வாசனை, ஐஸ் உடைக்கிற சத்தம். சிப்காட் ஆலைகள் இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. மீன் குறைந்துபோனதைப் பற்றிக் கேட்காமலேயே எல்லோரும் பேசினார்கள்.

ஏலம் முடிந்த நேரத்தில் ஒரு அம்மாவிடம் மீன் வாங்கினோம். "கிழங்கான் வாங்கிக்க கண்ணு, பொடி முள்ளு கெடையாது, புள்ளைக்கு நல்லது" என்றார். கிழங்கான், மடவை இரண்டும் மணல் தரையில் முகத்துவாரத்தை ஒட்டி வளர்கிற மீன்கள். சுனாமி பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவரே, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கும் ஞாயித்துக்கெழமை, இப்படித்தான் நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் விலை பேசப் போய்விட்டார். 2004 டிசம்பர் 26. இந்தப் பட்டையில் அலை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஆற்றில் இறங்கியது.

மத்தியானம் தெரிந்தவர் வீட்டில் கிழங்கான் வறுவல், மடவைக் குழம்பு. வெயில் தாங்காமல் அப்புறம் எங்கும் போகவில்லை. சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை, பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் காலை முதல் பஸ். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே சுமார் 1100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு. உள்ளே சின்னதும் பெரியதுமாகத் திட்டுகள், அவற்றைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் வாய்க்கால்கள். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ல் இதைச் சேர்த்தார்கள். தீவு தீவாகப் போவது என்றால் நம் ஊரில் இதுதான்.

முதலில் துடுப்புப் படகு. மோட்டார் படகு போக முடியாத குறுகல் வாய்க்கால்களில் இதுதான் போகும். இரண்டு பக்கமும் சுரபுன்னை வளைந்து, தலைக்கு மேலே கூரை போட்டிருக்கிறது. கிளையிலிருந்து முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குவது, மரத்திலேயே முளைவிட்ட நாற்று. செங்குத்தாகச் சேற்றில் விழுந்தால் அங்கேயே நின்று வேர் பிடிக்கும், தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் இன்னொரு திட்டில் ஒதுங்கி வளரும். கண்டல் மரத்தடியில் சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். படகுக்காரத் தம்பி ஒரு கண்டல் இலையைப் பறித்துத் தந்து நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல உப்பு. வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. தில்லை மரத்தையும் காட்டினார், ஆனால் பக்கத்தில் போகவிடவில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெட்டுவிடும். சிதம்பரம் கோயிலின் தல மரம் அது. அதைக் காடாகப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

காட்டின் நடுவே சில இடங்கள் மொட்டையாகக் கிடந்தன. பல ஆண்டுகள் மரத்தை மொத்தமாக வெட்டி எடுத்ததில், அங்கே தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்றம் உள்ளே வந்து போகும்படி செய்து, கன்று நட்டார்கள். அந்த வாய்க்கால்களில் ஒன்றின் ஓரமாகப் போனோம். இரண்டு கரையிலும் மரங்கள் அடர்ந்துவிட்டன. தண்ணீருக்கு வழி விட்டதும் காடு தானாக எழுந்து வந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் தந்த இடம் இதுதான்.

வாய்க்கால் ஒன்றில் இருளர் பெண்கள் மூவர் மார்பளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும், இறால் அகப்பட்டதும் ஒரு கை மேலே வந்து பறிக்குள் போட்டுவிட்டு உடனே தண்ணீருக்குள் போய்விடும். தலையைத் திருப்பக்கூட இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் ஒருவர் ஏழெட்டு இறால் பிடித்திருப்பார். படகு ஓடுகிற சத்தத்தில் இறால் கலைந்துவிடும் என்று தம்பி துடுப்பை நிறுத்தி, ஓட்டத்திலேயே படகை விட்டார். சுற்றுலா வருகிற எல்லோரும் அங்கே பாட்டுப் போடாமல் இருந்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி.

அதற்குப் பிறகு மோட்டார் படகில் முகத்துவாரம் பக்கம். காடு முடிந்ததும் கழி திடீரென்று அகலமாகி, கடலை மறைத்துக்கொண்டு ஒரு நீண்ட மணல் பட்டை. சின்னவாய்க்கால் அதை அறுத்துக்கொண்டு கடலைச் சேர்கிறது. எம்.ஜி.ஆர். திட்டு இந்தப் பட்டையில்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். நடித்த படம் ஒன்று இங்கே எடுக்கப்பட்டதால் வந்த பெயர். மீனவர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. சுனாமி அந்த ஊரையே துடைத்துவிட்டது. பிழைத்தவர்களை உள்நிலப் பக்கம் குடியமர்த்தினார்கள்.

மணலில் இறங்கினோம். அடப்பங்கொடி, காய்ந்த பனைமட்டை, உடைந்த சங்குகள். ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்து, நாங்கள் நெருங்கியதும் ஒரே வீச்சில் எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன. படகுக்காரத் தம்பி மேடான ஓர் இடத்தைக் காட்டி, "எங்க தாத்தா வீடு இங்கதான்க்கா இருந்துச்சு, இந்த இடமா, இன்னும் கொஞ்சம் கடல் பக்கமான்னு அப்பாவுக்கே இப்ப சரியா சொல்லத் தெரியல" என்றார். சுனாமியின்போது அவர் கைக்குழந்தை. அப்பா தூக்கிக்கொண்டு கழியைத் தாண்டியிருக்கிறார். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு, காட்டுக்கு முன்னால் மணலில் இருந்த ஊர்களுக்குத்தான் அவ்வளவும்.

பையன் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க இப்ப யாருமே இருக்கக் கூடாதா அத்தை?" என்றான். மீன் பிடிக்க வருகிறார்கள், வலை காயப்போடுகிறார்கள், ராத்திரி தங்குவதில்லை என்று தம்பியே பதில் சொன்னார். "திட்டு தங்குற எடம் இல்ல தம்பி. வந்து போற எடம்."

திரும்பும் வழியில் கிள்ளையில் டீ குடித்தோம். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காக இங்கே வருவார், தைக்கால் என்கிற இடத்தில் முஸ்லிம் மக்கள் மாலை மரியாதையோடு வரவேற்பார்கள். அந்த ஏற்பாடுகளைப் பற்றிதான் டீக்கடையில் பேச்சு. பெருமாள் இறங்கும் துறையில் தண்ணீர் போதுமா, முகத்துவாரம் இந்த வருடம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இரண்டு பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை, பரங்கிப்பேட்டை

கடைசி ஊர். வெள்ளாறு கடலைச் சேரும் இடம். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பல் கொண்டுவந்த துறை. 1781 ஜூலை 1ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் போர் நடந்ததும் இந்த ஊரில்தான். முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961லிருந்து இருக்கிறது. இந்தக் கழியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே வேலை பார்த்தவர்கள் சேர்த்துக் கொடுத்தது.

நாங்கள் போன நேரத்தில் ஃபைபர் படகுகள் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. முகத்துவாரத்துக்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் மணல் ஏறியிருக்கிறது. மேலே ஒன்றும் தெரியாது, அலை மட்டும் அங்கே வந்ததும் எழும்பி வெள்ளையாக உடைகிறது. படகு கவிழ்வது இந்த இடத்தில்தான். தூர் வார வேண்டும் என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்திருக்கிறார்கள். இந்தக் கரையில் எந்த மீனவரிடம் பேசினாலும் வருகிற முதல் கோரிக்கை இது. எனக்கும் அதில் முழுச் சம்மதம். திட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நாம், அதைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள் கேட்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படகில் நான்கு பேர். உடைகிற அலைக்கு உள்பக்கம் வந்து இன்ஜினைத் தணித்து, படகை நேர்முகமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் கையைத் தூக்கியபடி கடலையே பார்த்தார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு விடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அலைகள் உடைந்தன. கை இறங்கவில்லை. நான்காவதும் உடைந்து நுரை படகின் பக்கவாட்டில் ஓடியது. கை இறங்கியதும் இன்ஜின் அலறியது. ஆழம் குறைந்த இடத்தில் பின்னால் இருந்தவர் இன்ஜினைச் சட்டென்று தூக்கி, விசிறி மணலில் படாமல் தாண்டவிட்டு, மறுபடி இறக்கினார். முகப்பு ஒருமுறை வானத்தைப் பார்த்து எழும்பி, தடாலென்று விழுந்தது. வெளியே போய்விட்டார்கள். பையன் கை தட்டினான். அதற்குள் அடுத்த படகு அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது, அதன் முகப்பிலும் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.